சிபாடான் தீவின் வரலாறு: ஆமை முட்டைச் சட்டமும் ஆழ்கடல் முக்குளிப்பும்

சிபாடான் தீவு, மலேசியாவின் சபா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு சிறு தீவு ஆகும். இது போர்னியோப் பெருந்தீவின் கிழக்குக் கரைக்கு அப்பால், செலிபிஸ் கடலில் அமைந்துள்ளது. இதன் பரப்பளவு ஏறத்தாழ 0.13 சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் 13 எக்டேர் மட்டுமே. உலகின் மிகச் சிறந்த ஸ்கூபா முக்குளிப்பு இடங்களுள் ஒன்றாக இத்தீவைச் சூழ்ந்த கடல் போற்றப்படுகிறது.

முக்குளிப்பவர்களுக்கு இத்தீவு ஆமைகளாலும் மீன் கூட்டங்களாலும் அறிமுகமாகியது. பன்னாட்டுச் சட்டம் படிப்பவர்களுக்கோ இது ஒரு புகழ்பெற்ற வழக்கின் பெயர். மலேசியாவும் இந்தோனேசியாவும் இத்தீவுக்கு உரிமை கோரி தி ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றத்தை நாடின. 2002ஆம் ஆண்டில் அளிக்கப்பட்ட தீர்ப்பில் பழைய உடன்படிக்கைகளோ, வரைபடங்களோ, கடற்படைக் கப்பல்களோ வெற்றியைத் தீர்மானிக்கவில்லை. ஆமை முட்டை சேகரிப்பை ஒழுங்குபடுத்த 1917ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சிறு சட்டம் முக்கியச் சான்றாக அமைந்தது. தீவின் உரிமை உறுதியான பின், இரண்டே ஆண்டுகளில் அங்கிருந்த விடுதிகள் அனைத்தும் அகற்றப்பட்டன.

அமைவிடமும் தோற்றமும்

சிபாடான், சபாவின் கரையிலிருந்து சுமார் 15 கடல் மைல் (28 கிலோமீட்டர்) தொலைவில் உள்ளது. அருகிலுள்ள நகரம் செம்பூர்ணா. மலேசியாவும் இந்தோனேசியாவும் பங்கிட்டுக்கொண்டுள்ள செபாத்திக் தீவின் கிழக்குக் கரையிலிருந்து இதன் தொலைவு சுமார் 40 கடல் மைல் ஆகும்.

போர்னியோவை ஒட்டிய பெரும்பாலான தீவுகள் ஆழம் குறைந்த கண்டத்திட்டின் மேல் அமைந்தவை. சிபாடான் அவ்வாறானது அன்று. கடலடியிலிருந்து 600 முதல் 700 மீட்டர் உயரம் எழுந்து நிற்கும் ஓர் எரிமலைக் குன்றின் உச்சியே இத்தீவு. அந்த உச்சியைச் சுற்றிப் பவளங்கள் வளர்ந்து, அவற்றின் சுண்ணாம்புக் கூடுகள் படிந்து, தீவு உருவாகியது. பவளம் என்பது கல்லோ செடியோ அன்று. அது ஒரு சிற்றுயிரினம். ஒளி புகும் ஆழத்தில்தான் பாறை கட்டும் பவளங்கள் நன்கு வளரும். அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரித்துத் தருவதே இதற்குக் காரணம்.

இந்த நில அமைப்பால் தீவின் கரைக்கு மிக அருகிலேயே கடலடி செங்குத்தாக இறங்கிவிடுகிறது. மணற்கரையிலிருந்து சில மீட்டர் தொலைவு நீந்தினாலே, முழங்கால் அளவு நீர் முடிந்து, அடி தெரியாத நீல ஆழம் தொடங்கிவிடும். ஆழ்கடல் நீரோட்டங்கள் இந்தச் செங்குத்துச் சுவரில் மோதும்போது சத்துகள் மேலே வருகின்றன. அதனால் பவளத்திட்டில் வாழும் சிறு மீன்களும் திறந்த கடலில் திரியும் பெரிய மீன்களும் ஒரே இடத்தில் காணப்படுகின்றன.

சிபாடான், பவள முக்கோணம் எனப்படும் கடற்பகுதிக்குள் அடங்குகிறது. இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், திமோர் லெஸ்தே ஆகிய ஆறு நாடுகளின் கடல்களை உள்ளடக்கிய இப்பகுதியில், உலகிலுள்ள பவள இனங்களில் நான்கில் மூன்று பங்கு காணப்படுகின்றன.

ஆமைகளும் கடலோடி மக்களும்

1980கள் வரை சிபாடானில் நிரந்தரக் குடியிருப்பு எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் இது யாரும் அறியாத தீவாக இருந்ததில்லை. செம்பூர்ணாக் கடற்பகுதியில் வாழும் பஜாவ் மக்கள் நெடுங்காலமாக இங்கு வந்து சென்றுள்ளனர். இவர்களுள் பஜாவ் லாவுட் எனப்படும் பிரிவினர் படகையே வீடாகக் கொண்டு வாழ்ந்த கடலோடிகள். இவர்களின் மரப்படகுக்கு 'லெப்பா' என்று பெயர்.

காற்றுக் கலன் எதுவும் இல்லாமல் மூச்சை அடக்கிக்கொண்டு முக்குளிப்பதில் பஜாவ் மக்கள் வல்லவர்கள். மீன், கடலட்டை, சிப்பி ஆகியவற்றை இவ்வாறே எடுத்தனர். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் வாழும் பஜாவ் மக்களிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு, அவர்களின் மண்ணீரல் அண்டை மக்களின் மண்ணீரலைவிடப் பெரியது என்று கண்டறிந்தது. மூச்சடக்கும்போது மண்ணீரல் சுருங்கி, தன்னுள் தேங்கிய சிவப்பணுக்களை இரத்தத்தில் கலக்கச் செய்யும். ஆகவே பெரிய மண்ணீரல் முக்குளிப்பவருக்கு உதவும். ஸ்கூபா கருவி வருவதற்கு மிக முன்பே இக்கடலில் முக்குளிப்பு ஒரு வாழ்க்கை முறையாக இருந்துள்ளது.

சிபாடானுக்கு மக்களை ஈர்த்தது அதன் மணற்கரையில் இடப்படும் ஆமை முட்டைகளே. தமிழகக் கடலோர மீனவர்கள் பேராமை என அழைக்கும் பச்சைக் கடலாமையே இங்கு மிகுதி. அழுங்காமையும் காணப்படுகிறது. பெண் பேராமை இரவில் கரையேறி, பின் துடுப்புகளால் குழி பறித்து, ஒரு முறைக்குச் சுமார் 100 முட்டைகள் இடும். ஒரே பருவத்தில் பலமுறை முட்டையிடும். குஞ்சு பொரிக்க ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகும். முட்டைகள் சத்துள்ள உணவாகவும் நல்ல விலை போகும் பண்டமாகவும் இருந்தன.

இங்கு ஒரு சிக்கல் உள்ளது. பேராமை முட்டையிடும் பருவத்தை அடைய இருபது ஆண்டுகளுக்கும் மேலாகும். ஒரு கரையில் முட்டைகள் முழுவதையும் ஆண்டுதோறும் எடுத்தாலும், ஏற்கெனவே வளர்ந்த ஆமைகள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். இழப்பு வெளியே தெரியப் பல பத்தாண்டுகள் ஆகலாம். தெரியும்போது, அடுத்த தலைமுறை ஆமைகள் கடலில் இருக்காது. ஆமை முட்டை எடுப்பதற்கு ஓர் ஒழுங்கு தேவைப்பட்டதன் காரணம் இதுவே.

பேரரசுகள் வரைந்த கோடுகள்

வட போர்னியோவின் கிழக்குக் கரை சூலு சுல்தானின் செல்வாக்குக்கு உட்பட்டிருந்தது. 1878 ஜனவரியில் சுல்தான் தம் பகுதிகளை ஆல்பிரட் டென்ட், குஸ்தாவ் ஓவர்பெக் ஆகிய இரு ஐரோப்பிய வணிகர்களுக்கு ஓர் ஒப்பந்தத்தின் வழி வழங்கினார். 1881இல் பிரித்தானிய அரசின் சாசனம் பெற்ற வட போர்னியோ நிறுவனம் அப்பகுதியை ஆளத் தொடங்கியது. தெற்கே இருந்த பகுதிகளைப் பிற்காலத்தில் இந்தோனேசியாவாக மாறிய டச்சு ஆட்சி தன்வசம் வைத்திருந்தது.

இரு ஆட்சிகளுக்கும் இடையே எல்லை வகுக்க 1891 ஜூன் 20 அன்று பிரித்தானியாவும் நெதர்லாந்தும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி கிழக்குக் கரையில் வட அகலக்கோடு 4 பாகை 10 கலை எல்லையாக ஏற்கப்பட்டது. அக்கோடு செபாத்திக் தீவின் குறுக்கே செல்லும் என்றும் எழுதப்பட்டது. ஆனால் தீவைத் தாண்டிக் கடலுக்குள்ளும் அக்கோடு நீளுமா என்பது தெளிவாக எழுதப்படவில்லை. கோட்டைக் கடலில் நீட்டினால் சிபாடான் அதற்குத் தெற்கே, டச்சுப் பக்கத்தில் விழும். நீட்டாவிட்டால் அந்த உடன்படிக்கைக்கும் சிபாடானுக்கும் தொடர்பே இல்லை. நூறு ஆண்டுகளுக்குப் பின் எழுந்த வழக்கின் பெரும்பகுதி இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியதாகவே இருந்தது.

இதற்கிடையில் பிலிப்பைன்ஸ் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறியது. 1903இல் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று வட போர்னியோவின் கரையோரத் தீவுகளுக்கு வந்துசென்றபோது, அத்தீவுகள் யாருக்குரியவை என்ற கேள்வி எழுந்தது. 1907இல் பிரித்தானியாவும் அமெரிக்காவும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டு, நிறுவனமே அத்தீவுகளைத் தொடர்ந்து நிர்வகிக்கலாம் என்று இணங்கின. 1930இல் இரு நாடுகளும் பிலிப்பைன்சுக்கும் வட போர்னியோவுக்கும் இடையிலான எல்லையை வகுத்தன. இந்த ஆவணங்கள் எதிலும் சிபாடானின் பெயர் குறிப்பிடப்படவில்லை.

1917ஆம் ஆண்டின் ஆமைச் சட்டம்

பேரரசுகளின் உடன்படிக்கைகளில் இடம்பெறாத சிபாடானின் பெயர், உள்ளூர் நிர்வாகத்தின் ஏடுகளில் இடம்பெற்றது. 1917இல் வட போர்னியோ நிர்வாகம் ஆமைப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. ஆமை பிடிப்பதையும் முட்டை எடுப்பதையும் மட்டுப்படுத்துவதே அதன் நோக்கம். முட்டை எடுப்பதற்கு உரிமம் பெறும் முறையை அது கொண்டுவந்தது. உள்ளூர் மக்கள் முட்டை எடுத்துக்கொள்வதற்கெனச் சில ஒதுக்கிடங்களையும் ஏற்படுத்தியது. அத்தகைய ஓர் ஒதுக்கிடத்தில் அடங்கிய தீவுகளின் பட்டியலில் சிபாடான் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கப்பட்டது.

இச்சட்டத்தை இன்றைய பொருளிலான காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமாகக் கருதிவிடக் கூடாது. முட்டை எடுப்பதை இது தடை செய்யவில்லை. யார் எடுக்கலாம், எங்கே எடுக்கலாம் என்பதை வரையறுத்தது. முட்டை எடுக்கும் உரிமை குறித்து உள்ளூரில் எழுந்த பிணக்குகளையும் நிர்வாக அதிகாரிகள் தீர்த்துவைத்தனர். இம்முறை 1950கள் வரையிலேனும் நடப்பில் இருந்தது. 1954 ஏப்ரலில் தாவாவ் மாவட்ட அதிகாரி வழங்கிய ஓர் உரிமத்தில் சிபாடான், லிகித்தான், மாபுல் முதலிய தீவுகளில் ஆமை பிடிக்க அனுமதி அளிக்கப்பட்டுள்ளது. ஒரு மாவட்ட அலுவலகத்தின் அன்றாட வேலைகளுள் ஒன்றாக அந்தத் தாள் எழுதப்பட்டிருக்கும். அரை நூற்றாண்டுக்குப் பின் உலக நீதிமன்றம் ஒன்று அதைப் படிக்கும் என்று எழுதியவர் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

1933இல் சிபாடான் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. தீவுகளையே நாடி வாழும் நிக்கோபார் புறா இங்குள்ள பறவைகளுள் குறிப்பிடத்தக்கது. 1962இல் சிபாடானிலும் 1963இல் அருகிலுள்ள லிகித்தான் தீவிலும் கலங்கரை விளக்கங்கள் கட்டப்பட்டன. 1963 செப்டம்பரில் மலேசியா உருவானபோது வட போர்னியோ, சபா என்ற பெயரில் அதன் மாநிலங்களுள் ஒன்றானது.

1969இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் தமக்கிடையே உள்ள கண்டத்திட்டின் எல்லையை வகுக்கப் பேச்சு நடத்தின. அப்போதுதான் சிபாடானும் லிகித்தானும் யாருக்குரியவை என்பதில் கருத்து வேறுபாடு வெளிப்பட்டது. பிற கடற்பகுதிகளில் உடன்பாடு கண்ட இரு நாடுகளும் இத்தீவுகளைப் பற்றிய முடிவைத் தள்ளிவைத்தன.

ஸ்கூபா முக்குளிப்பாளர்களின் வருகை

ஸ்கூபா என்பது முக்குளிப்பவர் தமக்குத் தேவையான காற்றைத் தம் முதுகிலேயே சுமந்து செல்லும் முறை. அழுத்தப்பட்ட காற்றை, மூச்சிழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஏற்றவாறு தரும் கருவியைப் பிரான்சு நாட்டினரான ழாக்-இவ் கூஸ்தோவும் எமில் கக்னானும் 1943இல் உருவாக்கினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இக்கருவி உலகெங்கும் பரவியது. கடலடியைக் காணும் வாய்ப்பு பொதுமக்களுக்கும் கிடைத்தது.

1980களில் சபாவில் முக்குளிப்புச் சுற்றுலா வளரத் தொடங்கியபோது சிபாடானிலும் தங்கும் குடில்கள் அமைக்கப்பட்டன. கூஸ்தோ தம் 'கலிப்சோ' கப்பலில் இப்பகுதிக்கு வந்து படமெடுத்தார். கடலாமையின் பெயரைத் தலைப்பிலேயே கொண்ட அந்த ஆவணப்படம் 1989இல் வெளியானது. அதன் பின் சிபாடானின் பெயர் உலகெங்கும் பரவியது. அடுத்த பத்தாண்டுகளில் அந்த 13 எக்டேர் நிலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக விடுதிகள் எழுந்தன.

முக்கிய முக்குளிப்பு இடங்கள்

தீவைச் சுற்றிப் பத்துக்கும் மேற்பட்ட முக்குளிப்பு இடங்கள் பெயரிடப்பட்டுள்ளன. அவற்றுள் சில வருமாறு:

செங்குத்துச் சுவர்: பழைய படகுத்துறைக்கு அருகில், கரையிலிருந்தே இறங்கக்கூடிய இடம். ஆழமற்ற பவளத்திட்டு சட்டென முடிந்து, சுவர் கீழ்நோக்கி இறங்குகிறது. பெருங்கண் பாரை மீன்கள் இங்கு ஆயிரக்கணக்கில் கூட்டமாகச் சுற்றுவதைக் காணலாம்.

ஆமைக் குகை: செங்குத்துச் சுவரில், சுமார் 20 மீட்டர் ஆழத்தில் இதன் வாயில் உள்ளது. உள்ளே ஒளி புகாத சுரங்க வழிகளும் அறைகளும் இருக்கின்றன. அவற்றின் தரையில் ஆமைகளின் எலும்புக்கூடுகள் கிடக்கின்றன. முதுமையடைந்த ஆமைகள் சாவதற்கென்றே இங்கு வருகின்றன என்று ஒரு கதை வழங்கியது. உண்மை வேறு. ஆமை நீரில் வாழ்ந்தாலும் நுரையீரலால் சுவாசிக்கும் ஊர்வன வகையைச் சேர்ந்தது; காற்றுக்காக நீர்மட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். இருட்டில் வழி தவறிய ஆமைகள் மூச்சு முட்டி இறந்துள்ளன. இதே ஆபத்து மனிதருக்கும் உண்டு. ஆகவே குகை முக்குளிப்பில் பயிற்சி பெற்ற வழிகாட்டி இல்லாமல் உட்செல்வது கூடாது.

சீலா முனை: சீலா மீன்கள் நூற்றுக்கணக்கில் அல்லது அதற்கும் மேலாகத் திரண்டு, சூறாவளி போலச் சுழன்று நீந்தும் காட்சியால் புகழ்பெற்ற இடம். நீரோட்டம் வலுவாக இருக்கும். சாம்பல் நிறப் பவளத்திட்டுச் சுறாக்களும் இங்கு வருகின்றன.

தென்முனை: திறந்த கடலை நோக்கிய முனை. கொம்பன் சுறா, யானைத் திருக்கை போன்ற பெரிய உயிரினங்கள் எப்போதாவது ஆழத்திலிருந்து இங்கு மேலே வருவதுண்டு.

தொங்கு தோட்டம்: சுவரின் விளிம்புகளிலிருந்து மென்பவளங்கள் பல வண்ணங்களில் தொங்கும் இடம்.

உயிரினங்கள்

சிபாடானில் முக்குளிப்பவர் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் காணக்கூடிய உயிரினம் பேராமை. வளர்ந்த பேராமையின் உணவு கடற்புல்லும் பாசியும் ஆகும். அழுங்காமை பவளத்திட்டில் ஒட்டி வாழும் கடற்பஞ்சுகளைத் தின்கிறது. பவளத்தை மூடி வளரும் பஞ்சுகள் இவ்வாறு கட்டுக்குள் வைக்கப்படுகின்றன.

வெள்ளைமுனைச் சுறா பகலில் மணல் தரையில் படுத்திருக்கும். சுறாக்களில் பல இனங்கள் மூச்சுவிட நீந்திக்கொண்டே இருக்க வேண்டும். இச்சுறாவோ அசையாமல் படுத்தபடியே செவுள்களின் வழி நீரைச் செலுத்தும் திறன் பெற்றது. இரவில் இது பாறையிடுக்குகளில் இரை தேடுகிறது.

புடைத்த நெற்றியுடைய பெருங்கிளிமீன் காலை வேளைகளில் கூட்டமாக மேயும். இது ஒரு மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. கிளியின் அலகு போன்ற பற்களால் பவளத்தைக் கடித்து, உயிர்ப்பகுதியைச் செரித்து, சுண்ணாம்பை வெண்மணலாகக் கழிக்கிறது. ஒரு மீன் ஓராண்டில் சில டன் பவளத்தை மணலாக்கிவிடும். ஆமை முட்டையிடும் வெண்மணற் கரைகள் உருவாவதில் இத்தகைய மீன்களின் பங்கு பெரிது. மீன், மணல், ஆமை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நிலத்தில், உலகின் மிகப் பெரிய நில நண்டான தேங்காய் நண்டு வாழ்கிறது.

2000ஆம் ஆண்டின் ஆள்கடத்தல்

2000 ஏப்ரல் 23, ஈஸ்டர் ஞாயிறு. அன்று மாலை பிலிப்பைன்சின் அபு சயாப் ஆயுதக் குழுவினர் விரைவுப் படகுகளில் சிபாடானுக்கு வந்து, 10 சுற்றுலாப் பயணிகளையும் 11 விடுதிப் பணியாளர்களையும் கடத்திச் சென்றனர். அவர்கள் பிலிப்பைன்சின் ஜோலோ தீவில் பிணையாளிகளாக வைக்கப்பட்டனர். லிபியா இதில் இடையாளராகச் செயல்பட்டது. பெரும்பாலானோர் அதே ஆண்டில் பல மாதங்களுக்குப் பின் விடுவிக்கப்பட்டனர்.

இந்நிகழ்வால் சிபாடானின் நிலைமை மாறியது. தீவில் பாதுகாப்புப் படையினர் நிரந்தரமாக நிறுத்தப்பட்டனர். மூன்று நாடுகளின் கடல்கள் சந்திக்கும் இப்பகுதியின் ஆபத்தையும் உலகம் உணர்ந்தது.

தி ஹேக் தீர்ப்பு

1997 மே மாதத்தில் கோலாலம்பூரில் மலேசியாவும் இந்தோனேசியாவும் ஒரு சிறப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டு, சிபாடான், லிகித்தான் தீவுகளின் உரிமையைப் பன்னாட்டு நீதிமன்றமே தீர்மானிக்கட்டும் என்று ஒப்புக்கொண்டன. 1998இல் வழக்கு நீதிமன்றத்தின் முன் வந்தது. சண்டையின்றிச் சட்டத்தின் வழி தீர்வு காண இரு அண்டை நாடுகள் எடுத்த இம்முடிவு பாராட்டத்தக்கது.

இந்தோனேசியா 1891ஆம் ஆண்டு உடன்படிக்கையை முதன்மையாக நம்பியது. அந்த அகலக்கோடு கடலிலும் நீள்கிறது என்று வாதிட்டது. அக்காலத்தில் டச்சு நாடாளுமன்றத்துக்கு அளிக்கப்பட்ட விளக்கக் குறிப்புடன் இணைந்த வரைபடத்தில் கோடு கடலுக்குள் நீட்டப்பட்டிருந்ததைச் சுட்டிக்காட்டியது. அவ்வரைபடம் இரு நாடுகளும் உடன்பட்டு வரைந்ததன்று என்பதால் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உடன்படிக்கையின் கோடு செபாத்திக் தீவின் கிழக்குக் கரையோடு முடிகிறது என்று முடிவு செய்தது.

மலேசியாவின் முதல் வாதமும் ஏற்கப்படவில்லை. சூலு சுல்தானிடமிருந்து ஸ்பெயின், அமெரிக்கா, பிரித்தானியா வழியாக உரிமை படிப்படியாகத் தன்னிடம் வந்தது என்று மலேசியா கூறியது. அச்சங்கிலியின் கண்ணிகள் உறுதிப்படவில்லை என்று நீதிமன்றம் கண்டது.

இரு தரப்பின் ஆவண உரிமையும் நிலைபெறாததால் ஒரே கேள்விதான் எஞ்சியது. இத்தீவுகளை உண்மையில் அரசு என்ற நிலையில் நிர்வகித்தவர் யார்?

இந்தோனேசியா, டச்சுக் கடற்படைக் கப்பல் ஒன்று 1921இல் இப்பகுதிக்கு வந்ததையும், தன் மீனவர்கள் நெடுங்காலமாக இங்கு மீன்பிடித்ததையும் எடுத்துரைத்தது. கடற்படை ரோந்து மட்டும் இத்தீவுகள் மீதான ஆட்சியைக் காட்டவில்லை என்றது நீதிமன்றம். தனி மனிதர்கள் அரசின் விதியோ அதிகாரமோ இன்றித் தாமாகச் செய்யும் தொழிலும் அரசின் செயலாகாது என்றது. 1960இல் இந்தோனேசியா தன் தீவுக்கூட்ட எல்லையை வரையறுத்தபோது இவ்விரு தீவுகளையும் எல்லைப் புள்ளிகளாகக் குறிக்கவில்லை என்பதும் கவனிக்கப்பட்டது.

மலேசியா முன்வைத்தவை மூன்று: ஆமை முட்டைச் சட்டமும் உரிமங்களும், 1933ஆம் ஆண்டின் பறவைகள் காப்பிட அறிவிப்பு, கலங்கரை விளக்கங்கள். இவை எண்ணிக்கையில் குறைவு. ஆனால் சட்டம், நிர்வாகம், நீதி எனப் பல வகைப்பட்டவை. நீண்ட காலம் தொடர்ந்தவை. இவற்றுக்கு டச்சு ஆட்சியோ இந்தோனேசியாவோ அக்காலத்தில் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. ஆகவே 2002 டிசம்பர் 17 அன்று 16க்கு 1 என்ற வாக்குகளில் இரு தீவுகளும் மலேசியாவுக்கே உரியவை என்று தீர்ப்பளிக்கப்பட்டது.

நீதிமன்றம் முதன்மையாக 1969க்கு முந்தைய செயல்களையே ஆராய்ந்தது. பிணக்கு வெளிப்பட்ட பின் செய்யப்படுபவை உரிமையை வலுப்படுத்தும் நோக்கில் செய்யப்படக்கூடும் என்பது இதன் பொதுவான நியாயம். ஆகவே 1980களுக்குப் பின் தீவில் கட்டப்பட்ட விடுதிகளோ, அதற்குக் கிடைத்த உலகப் புகழோ தீர்ப்பைத் தாங்கும் தூணாக அமையவில்லை.

தீர்ப்பு தீவுகளின் உரிமையை மட்டுமே முடிவு செய்தது. சுற்றியுள்ள கடலின் எல்லை அதில் வகுக்கப்படவில்லை. 2005இல் அம்பாலாட் கடற்பகுதி தொடர்பாக இரு நாடுகளுக்கும் இடையே மீண்டும் பிணக்கு எழுந்தது.

விடுதிகளின் வெளியேற்றம்

உரிமை உறுதியான பின், தீவைக் காக்கும் பொறுப்பும் மலேசியாவுடையதாயிற்று. மிகச் சிறிய பவளத்தீவில் நன்னீர் குறைவு. விடுதிகளின் கழிவுநீர் மணலின் வழி எளிதாகக் கடலில் கலக்கும். சத்து மிகுந்த கழிவுநீரால் பாசி பெருகிப் பவளத்தை மூடிவிடும். கரையோர விளக்கொளி முட்டையிட வரும் ஆமைகளைத் தயங்கச் செய்யும். கடலை நோக்கி ஓட வேண்டிய குஞ்சுகளைத் திசை திருப்பும். இக்காரணங்களால் 2004 டிசம்பர் 31க்குள் எல்லா விடுதிகளும் தீவை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. அவ்வாறே அவை வெளியேறின.

அதன் பின் சிபாடானில் பயணிகள் இரவு தங்க முடியாது. மாபுல், கப்பாலாய் தீவுகளிலிருந்தும் செம்பூர்ணாவிலிருந்தும் பகலில் படகில் வந்து திரும்புகின்றனர். ஒரு நாளில் முக்குளிக்க 120 பேருக்கு மட்டுமே அனுமதி என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டது. பின்னாளில் அந்த வரம்பு உயர்த்தப்பட்டது. அனுமதி வழங்கும் பொறுப்பு சபா பூங்காக்கள் அமைப்புக்கு உரியது. 1917இல் முட்டை எடுக்க உரிமம் தேவைப்பட்டது. இன்று ஆமையைப் பார்க்கவே உரிமம் தேவைப்படுகிறது. சபாவில் 1997ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கடலாமைகள் முழுப் பாதுகாப்புப் பெற்றவை. முட்டை எடுப்பதும் விற்பதும் குற்றம்.

சட்டம் இருந்தும் தவறு நேரலாம் என்பதை 2006ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு மே மாதத்தில், தீவில் ஒரு கட்டுமானத்துக்கென எஃகுக் குழாய்களும் சரளைக் கற்களும் ஏற்றிவந்த பெரிய மிதவைக் கலம் பவளத்திட்டின் மீது ஏறி நின்றது. பழைய படகுத்துறைக்கும் சீலா முனைக்கும் இடைப்பட்ட பகுதியில் சில நூறு சதுர மீட்டர் பவளம் நொறுங்கியது. சுற்றுலாப் பயணிகளிடமிருந்து தீவைக் காக்க விடுதிகளை அகற்றிய இரண்டு ஆண்டுகளுக்குள் இது நிகழ்ந்தது. கிளைப் பவளங்கள் ஓராண்டில் சில சென்டிமீட்டர் வளரும். பாறை போன்ற திரள் பவளங்கள் ஓராண்டில் சுமார் ஒரு சென்டிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ வளரும். ஒரு மணி நேரத்தில் உடைந்ததை மீட்கப் பல பத்தாண்டுகள் வேண்டும்.

இன்றைய நிலை

இன்று சிபாடானைச் சூழ்ந்துள்ள சிக்கல்களில் சில, தீவின் விதிகளால் மட்டும் தீராதவை. செம்பூர்ணாக் கடற்பகுதியில் வெடி வைத்து மீன் பிடிக்கும் வழக்கம் பவளத்திட்டுகளுக்குப் பெருங்கேடு விளைவித்துள்ளது. 2013இல் லகாட் டத்துவில் நிகழ்ந்த ஆயுத ஊடுருவலுக்குப் பின் சபாவின் கிழக்குக் கரைக்குத் தனிப் பாதுகாப்பு வட்டாரம் ஏற்படுத்தப்பட்டது. 2014 முதல் இரவில் கடற்பயணத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. உலகப் பவளத் திட்டுகள் நான்காவது முறையாகப் பெருமளவில் வெளிறி வருவதாக 2024 ஏப்ரலில் அறிவியலாளர்கள் அறிவித்தனர். கடல் நீர் சூடேறும்போது பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளிறுகிறது. வெப்பம் தணியாவிட்டால் இறக்கிறது. மணலின் வெப்பம் கூடினால் ஆமை முட்டைகளிலிருந்து பெண் குஞ்சுகளே மிகுதியாகப் பொரிக்கும்.

கடலோடி மக்களின் நிலையும் எண்ணத்தக்கது. பஜாவ் லாவுட் மக்களில் பலரிடம் எந்த நாட்டின் குடியுரிமை ஆவணமும் இல்லை. 2024 ஜூனில் செம்பூர்ணாக் கடற்பகுதியில் அவர்களின் வீடுகள் பல அதிகாரிகளால் இடிக்கப்பட்டன. பாதுகாப்பையும் சட்டத்தையும் நிலைநாட்டவே இந்நடவடிக்கை என்று அரசுத் தரப்பு கூறியது. மனித உரிமை ஆர்வலர்கள் அதைக் கண்டித்தனர். தி ஹேக் வழக்கில் தனி மனிதர்களின் வழக்கத்தைவிட அரசின் ஏடுகளுக்கே மதிப்பு இருந்தது. ஏடுகளில் பெயர் இல்லாத மக்களுக்கு, தம் முன்னோர் முக்குளித்த கடலிலேயே இடம் கேட்பது கடினமாகிறது.

சிபாடான் வரலாற்றில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. ஒரு நிலத்தின் மீதான உரிமை, அதைத் தொடர்ந்து பேணியதற்கான சான்றுகளைக் கொண்டும் அளக்கப்படுகிறது. வட போர்னியோவின் சிற்றூர் அலுவலகங்களில் எழுதப்பட்ட முட்டை உரிமங்கள் ஒரு நாட்டின் எல்லையைத் தீர்மானிக்க உதவின. அதே தொடர் கவனிப்பு இன்று நாள்தோறும் வழங்கப்படும் அனுமதிச் சீட்டுகளிலும், கரையில் ஆமைக் குழிகளைக் காவல் காக்கும் பணியாளர்களிடமும் உள்ளது. இன்று சிபாடான் கரையில் பொரித்துக் கடலில் இறங்கும் பெண் குஞ்சு ஒன்று, பிழைத்திருந்தால், முட்டையிடக் கரை தேடி வர இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். அக்கரை அதுவரை கெடாமல் இருக்குமா என்பது இப்போது எடுக்கப்படும் முடிவுகளைப் பொறுத்தது.